பலபொருள் தரும் முகடுகள்: அகச்சிவப்பு நிறமாலை விளக்க மென்பொருள்களும் கள்ளக்குறிச்சி – கல்வராயன் மலைச் சான்றுகளும்

ஆய்வுச் சுருக்கம்

கரிமச் சேர்மங்களின் அகச்சிவப்பு நிறமாலையை விளக்குவதற்கான மென்பொருள்கள் இன்று எல்லா ஆய்வகங்களிலும் புழங்குகின்றன. அவை தரும் விடையின் தன்மை யாது, அவ்விடையை ஆய்வாளர் எவ்வாறு வாசிக்க வேண்டும் என்னும் வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது. கல்வராயன் மலையின் கடுக்காய், 2024ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சியில் உயிர்களைப் பறித்த மெத்தனால் கலந்த சாராயம் ஆகிய இரண்டும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. மென்பொருள் தருவது ஒப்புமை. அதனை அடையாளமாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் மூலிகை ஆய்வில் பொய்யான வினைச்செயல் தொகுதிகளையும், நச்சாய்வில் ஆபத்தான உறுதியையும் தோற்றுவிக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச் சொற்கள்: அகச்சிவப்பு நிறமாலை, வினைச்செயல் தொகுதி, பொருத்தச் சுட்டெண், மெத்தனால், கடுக்காய், பலபொருள் ஒருசொல்.

1. முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, வேதியியல் நோக்கில் இரு காரணங்களுக்காகக் கவனம் பெறுகிறது. ஒன்று, கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலையின் மூலிகை வளம். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரின் மருத்துவ அறிவும் மலைவிளை பொருளான கடுக்காயும் தாவரவியலாரையும் வேதியியலாரையும் தொடர்ந்து ஈர்த்து வந்துள்ளன. மற்றொன்று, 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தை மையமாகக் கொண்டு நிகழ்ந்த நச்சுச் சாராயச் சாவுகள். அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்நிகழ்வுக்குக் காரணம் சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே மாதத்தில், மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும் இதே நஞ்சு இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது.

மூலிகைச் சாற்றில் என்ன உள்ளது, சாராயத்தில் என்ன உள்ளது என்னும் இரு வினாக்களும் ஒரே வகையான கருவியின் முன் வைக்கப்படக்கூடியவை. அகச்சிவப்பு நிறமாலைமானி சில நிமிடங்களில் ஒரு வரைபடத்தைத் தருகிறது; அதனுடன் இணைந்த மென்பொருள் சில நொடிகளில் ஒரு பெயர்ப்பட்டியலைத் தருகிறது. வரைபடத்திற்கும் பெயர்ப்பட்டியலுக்கும் இடையில் நிகழும் விளக்கமே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

2. மென்பொருள்கள் செயல்படும் மூன்று வழிகள்

வில்லியம் கோப்ளன்ட்ஸ் 1905இல் வெளியிட்ட நிறமாலைத் தொகுப்பு, குறிப்பிட்ட அணுத்தொகுதிகள் குறிப்பிட்ட அலைநீளங்களில் ஒளியை உட்கவர்கின்றன என்பதைத் தெளிவாகக் காட்டியது. நார்மன் கோல்தப் 1950இல் வெளியிட்ட ஒப்பீட்டு அட்டவணை அவ்வறிவை ஒரே தாளில் சுருக்கியது. இன்றைய மென்பொருள்களில் ஒரு வகை, கோல்தப் அட்டவணையின் மின்வடிவமே. பயனர் ஒரு அலையெண்ணைக் கொடுத்தால், அவ்விடத்தில் தோன்றக்கூடிய அதிர்வுகளை அது பட்டியலிடும். இதனை அட்டவணை வழி எனலாம்.

இரண்டாவது நூலக வழி. அறியப்படாத நிறமாலை முழுவதையும் தூய சேர்மங்களின் நிறமாலைத் தொகுப்புடன் ஒப்பிட்டு, நெருக்கமானவற்றை வரிசைப்படுத்துவது இதன் பணி. சாட்லர் தொகுப்பு வணிக முறையில் கிடைப்பது, ஜப்பானின் எஸ்.டி.பி.எஸ். தரவுத்தளமும் அமெரிக்காவின் நிஸ்ட் வலைநூலும் கட்டணமின்றிப் பார்க்கத்தக்கவை. கருவி நிறுவனங்களின் ஓம்னிக், ஓபஸ் போன்ற மென்பொருள்களிலும் இத்தேடல் வசதி உண்டு. இவை தரும் எண்ணே பொருத்தச் சுட்டெண்.

மூன்றாவது அனுமான வழி. 1980இல் ஊட்ரஃப், ஸ்மித் ஆகியோர் வெளியிட்ட பேர்ஸ் என்னும் நிரல், நிறமாலையியல் வல்லுநர் தம்முள் கேட்டுக்கொள்ளும் வினாக்களைத் தருக்க விதிகளாக எழுதியது. முகட்டின் இடத்தோடு அதன் செறிவையும் அகலத்தையும் அது கருதியது. அண்மையில் இவ்விதிகளின் இடத்தை நரம்பியல் வலையமைப்புகள் பிடித்துள்ளன. ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட மாதிரியம், அகச்சிவப்பு நிறமாலையோடு மூலக்கூறு வாய்பாட்டையும் பெற்று, முழு மூலக்கூறு அமைப்பையே முன்மொழிகிறது. ஹைட்ரஜன் நீங்கலாக 6 முதல் 13 அணுக்கள் கொண்ட சேர்மங்களில் அதன் முதல் விடை சரியாக அமைந்தது 44.4 விழுக்காடு, முதல் பத்து விடைகளுள் சரியான விடை இடம்பெற்றது 69.8 விழுக்காடு. விரல்ரேகைப் பகுதியை மனிதர் முழுமையாக வாசிக்க இயலாது என்ற நீண்டகால நம்பிக்கையின் பின்னணியில் இது பெரிய முன்னேற்றம். எனினும் இரு நிபந்தனைகள் இதில் அடங்கியுள்ளன: பொருள் தூயதாக இருக்க வேண்டும், வாய்பாடு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மூலிகைச் சாறும் சாராயமும் இவ்விரு நிபந்தனைகளையும் நிறைவு செய்வதில்லை.

3. 1030: ஒரு முகட்டின் பல பொருள்

செ.மீ.க்கு 1030 என்னும் அலையெண்ணை எடுத்துக்கொள்ளலாம். நீர்ம மெத்தனாலின் கார்பன்–ஆக்சிஜன் நீட்சி அதிர்வு இவ்விடத்தை ஒட்டி வலிமையாகத் தோன்றுகிறது. சர்க்கரைகளிலும் செல்லுலோசிலும் கிளைக்கோசைடுகளிலும் உள்ள கார்பன்–ஆக்சிஜன் பிணைப்புகள் 1000 முதல் 1100 வரை பரவி, பலபோது 1030ஐ ஒட்டியே உச்சம் கொள்கின்றன. களிமண் கனிமங்களின் சிலிக்கன்–ஆக்சிஜன் நீட்சியும் இங்கேயே அமைகிறது. மண் நீங்காத வேர்ப்பொடியிலும் இம்முகடு காணப்படலாம். அட்டவணைகள் இவற்றோடு அலிபாட்டிக் அமீன்களின் கார்பன்–நைட்ரஜன் நீட்சியையும் சல்பாக்சைடுகளையும் இதே எல்லைக்குள் வைக்கின்றன.

எனவே 1030இல் ஒரு முகடு உள்ளது என்னும் கூற்று, குறைந்தது ஐந்து வேறுபட்ட பொருள்களுக்கு இடம் தருகிறது. தமிழ் இலக்கணம் இத்தகைய நிலையை நன்கு அறியும். பலபொருள் ஒருசொல்லின் பொருளை அதனோடு இயையும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் துணிய வேண்டும் என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் நெறி. மா என்னும் சொல் மரமா, விலங்கா என்பதை அச்சொல் தனித்து நின்று சொல்லாது. அகராதியைத் திறப்பவருக்கு அனைத்துப் பொருள்களும் கிடைக்கும். தொடரை வாசிப்பவருக்கே ஒரு பொருள் கிடைக்கும். அட்டவணை மென்பொருள் ஓர் அகராதி. அதனிடம் உரையாசிரியரின் பணியை எதிர்பார்ப்பதிலிருந்தே பிழைகள் தொடங்குகின்றன.

4. கடுக்காய்ச் சாறும் அட்டவணை வாசிப்பும்

மூலிகை ஆய்வுகளில் அகச்சிவப்பு நிறமாலை இடம்பெறும் முறை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போன்றது. இலை, பட்டை, காய் ஆகியவற்றுள் ஒன்று உலர்த்திப் பொடியாக்கப்படுகிறது. மெத்தனால் போன்ற கரைப்பானால் சாறு எடுக்கப்படுகிறது. பொட்டாசியம் புரோமைடு வில்லையாக்கி நிறமாலை பதிவு செய்யப்படுகிறது. பின்னர் மூன்று நிரல்கள் கொண்ட அட்டவணை வருகிறது: அலையெண், அதிர்வு வகை, வினைச்செயல் தொகுதி. இறுதியில், இத்தொகுதிகளின் இருப்பே மூலிகையின் மருத்துவப் பயனுக்குக் காரணம் என்னும் முடிவு எழுதப்படுகிறது.

கடுக்காயை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையைச் சோதிக்கலாம். கடுக்காயின் தோற்பகுதி டானின்கள் மிகுந்தது. செபுலாஜிக் அமிலம், செபுலினிக் அமிலம், காலிக் அமிலம், எல்லாஜிக் அமிலம் ஆகியவை அதில் உள்ளமை நன்கு நிறுவப்பட்டது. இத்தகைய சாற்றில் 3400ஐ ஒட்டி அகன்ற பட்டையும், 2920இல் கார்பன்–ஹைட்ரஜன் நீட்சியும், 1700 முதல் 1735 வரையிலான எல்லையில் எஸ்டர், அமிலக் கார்போனைல் முகடும், 1610ஐ ஒட்டி அரோமாட்டிக் வளைய அதிர்வும், 1200, 1030 பகுதிகளில் கார்பன்–ஆக்சிஜன் அதிர்வுகளும் எதிர்பார்க்கத்தக்கவை. பாலிபீனால் எஸ்டர்கள் என்னும் ஒரே விளக்கம் இவை அனைத்தையும் தாங்குகிறது.

அட்டவணை மென்பொருளோ ஒவ்வொரு முகட்டையும் தனித்தனியே விளக்கும். 3400க்கு ஆல்கஹால் அல்லது அமீன். 1610க்கு ஆல்கீன் அல்லது அமைடு அல்லது கார்பாக்சிலேட்டு. 1030க்கு அலிபாட்டிக் அமீன். 600ஐ ஒட்டிய சிறு முகட்டிற்கு ஆல்கைல் ஹாலைடு. பயனர் ஒவ்வொரு வரியிலும் ஒன்றைத் தேர்ந்து எழுதும்போது, கல்வராயன் மலைக் கடுக்காயில் அமீனும் அமைடும் கரிமப் புரோமைடும் தோன்றிவிடுகின்றன. நிலத்தாவரச் சாற்றில் ஆல்கைல் புரோமைடு இருப்பதாகச் சொல்வது மிகப் பெரிய கூற்று. தனிமப் பகுப்பாய்வோ நிறை நிறமாலையோ இன்றி அதனைச் சொல்ல இயலாது. 600ஐ ஒட்டிய பகுதியில் வளைய வளைவு அதிர்வுகளும் ஹைட்ராக்சில் தொகுதியின் தளத்திற்கு வெளியேயான வளைவும் நிகழ்கின்றன என்பதைப் பட்டியலின் முதல் வரி மறைத்துவிடுகிறது.

வில்லையின் குறைகளும் இதனோடு சேர்கின்றன. பொட்டாசியம் புரோமைடு ஈரம் உறிஞ்சுவது. உறிஞ்சிய நீர் 3400ஐ ஒட்டி அகன்ற பட்டையையும் 1635ஐ ஒட்டி ஒரு முகட்டையும் தரும். முன்னது ஹைட்ராக்சில் எனவும் பின்னது அமைடு எனவும் எழுதப்படுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு 2350ஐ ஒட்டித் தரும் இரட்டை முகடு நைட்ரைல் எல்லைக்கு அண்மையில் விழுகிறது. முழுமையாக ஆவியாகாத கரைப்பான் மெத்தனால், மூலிகையின் சேர்மமாக 1030இலேயே பதிவாகிறது. மாதிரி பெரும்பாலும் வேறோர் ஊரின் மையக் கருவியகத்திற்கு அனுப்பப்பட்டு, முகட்டெண்கள் அச்சிட்ட தாள் மட்டும் திரும்பி வரும் சூழலில், பின்னணிப் பதிவையும் வெற்று வில்லையின் நிறமாலையையும் கண்ணால் காணும் வாய்ப்பே ஆய்வாளருக்கு அமைவதில்லை. எண்கள் வருகின்றன, சார்பு வருவதில்லை.

இதனால் விளையும் இழப்பு ஒரு கட்டுரையின் பிழையோடு நிற்பதில்லை. பழங்குடி மருத்துவர் ஒருவர் குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பிட்ட மூலிகையைத் தருவதற்கு வேதியியல் அடிப்படை தேடுவதாகவே இவ்வாய்வுகள் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. எல்லா மூலிகைக்கும் ஒரே ஆறேழு தொகுதிகளைப் பட்டியலிடும் அட்டவணை, மூலிகைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டையே அழித்துவிடுகிறது. கடுக்காயையும் தான்றிக்காயையும் பிரித்தறியாத விளக்கம், அவற்றைப் பிரித்துப் பயன்படுத்தும் மலைமக்களின் அறிவுக்குச் சான்றாக நிற்க இயலாது.

5. சாராய மாதிரியும் பொருத்தச் சுட்டெண்ணும்

மூலிகை ஆய்வில் மென்பொருள் இல்லாததைக் காட்டுகிறது எனில், சாராய ஆய்வில் அது இருப்பதை மறைக்கக்கூடும். கல்வராயன் மலைப்பகுதியில் வெல்லத்தையும் மரப்பட்டையையும் கொண்டு ஊறல் போட்டுச் சாராயம் காய்ச்சுவதும், காவல்துறை அவ்வூறல்களை அழிப்பதும் நெடுநாள் செய்திகள். நொதித்தலில் இயல்பாகத் தோன்றும் மெத்தனால் மிகக் குறைவு. 2024இல் கொன்றது வெளியிலிருந்து கலக்கப்பட்ட மெத்தனால். அது உடலில் பார்மால்டிஹைடாகவும் பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. எத்தனால் அல்லது ஃபோமெபிசோல் கொடுத்து அம்மாற்றத்தைத் தடுப்பது சிகிச்சை. அதனை எவ்வளவு விரைவில் தொடங்குவது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. ஆகவே கையிலுள்ள நீர்மத்தில் மெத்தனால் உண்டா என்னும் வினாவுக்கு விரைவான விடை தேவை. விரைவுக்குப் பெயர் பெற்ற அகச்சிவப்புக் கருவி இங்கே இயல்பாகவே நினைவுக்கு வரும்.

சாராயம் என்பது நீரும் எத்தனாலும் மிகுந்த கலவை. அதன் நிறமாலையில் நீரின் 3300, 1640 பட்டைகள் மேலோங்குகின்றன. எத்தனால் 1045, 1085, 880 ஆகிய இடங்களை ஒட்டி முகடுகளைத் தருகிறது. மெத்தனாலின் முகடு 1020 முதல் 1030 வரையில், எத்தனாலின் 1045 முகட்டின் சரிவில் அமர்கிறது. பட்டைகளின் அகலம் இவ்விடைவெளியை ஒத்திருப்பதால், குறைந்த அளவு மெத்தனால் தனி முகடாக எழாமல் ஒரு தோளாக மட்டுமே தெரியும். முகடு தேடும் நிரல் தோளைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடலாம்.

நூலகத் தேடல் இந்நிலையில் என்ன சொல்லும் என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். எத்தனால்–நீர்க் கலவையின் நிறமாலையும் மெத்தனாலின் நிறமாலையும் ஓரலகு நீளமுள்ள இரு திசையன்கள் எனவும், அவற்றிடையேயான கோசைன் மதிப்பு 0.6 எனவும் கொள்க. முதல் திசையனோடு மெத்தனால் திசையனில் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்தால், கிடைக்கும் கலவைக்கும் மெத்தனால் இல்லாத கலவைக்கும் உள்ள ஒப்புமை 1.06 வகுத்தல் 1.13இன் வர்க்கமூலம், அதாவது 0.997. பத்தில் மூன்று பங்கைச் சேர்த்தாலும் ஒப்புமை 1.18 வகுத்தல் 1.45இன் வர்க்கமூலம், அதாவது 0.980. நூறுக்கு 98 என்னும் சுட்டெண்ணைத் திரையில் காண்பவர், எத்தனால்–நீர்க் கலவை என்னும் விடையை ஐயமின்றி ஏற்றுக்கொள்வார். 0.6 என்பது விளக்கத்திற்காகக் கொண்ட எண். வேறு எண் கொண்டாலும் சுட்டெண்ணின் போக்கு மாறாது. பெரும்பகுதியின் ஒப்புமை சிறுபகுதியின் வேறுபாட்டை விழுங்குவது அச்சுட்டெண்ணின் கட்டமைப்பிலேயே உள்ளது. எல்லா அலையெண்களையும் சம உரிமையோடு கூட்டும் ஓர் எண்ணுக்கு, உயிரைக் கொல்லும் தோள் எது, கொல்லாத முகடு எது எனத் தெரியாது. சுமார் 10 மி.லி. மெத்தனாலே பார்வையைப் பறிக்கக்கூடும் என நச்சியல் நூல்கள் கூறுவதை இதனோடு வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதனால் அகச்சிவப்பு முறை மெத்தனாலுக்கு உதவாது என்று கொள்வது தவறு. ஆவி நிலையில் மெத்தனால் 1033ஐ ஒட்டிக் கூர்மையான தனி முகட்டைத் தருகிறது. இதனைப் பயன்கொண்டு, மூச்சுக்காற்றில் எத்தனாலையும் மெத்தனாலையும் ஒருங்கே அளக்கும் எடுத்துச் செல்லத்தக்க கருவிகள் பின்லாந்தில் 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்திலேயே சோதிக்கப்பட்டன. நீர்ம நிலையிலும், அளவு தெரிந்த கலவைகள் பலவற்றைக் கொண்டு பகுதிச் சிறும வர்க்க முறையில் அளவீட்டுச் சமன்பாடு அமைத்தால், தோளாகத் தெரியும் மெத்தனாலையும் அளந்துவிடலாம். இவ்விரு முறைகளும் வெற்றி பெறுவதற்குக் காரணம் வினா முன்கூட்டியே வரையறுக்கப்படுவது. இது என்ன என்னும் பொதுவினாவுக்கு நூலகத் தேடல் விடை தருகிறது. இதில் மெத்தனால் எவ்வளவு என்னும் சிறப்பு வினாவுக்கு அளவீடு விடை தருகிறது. நச்சாய்வின் வினா இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதன் இறுதி விடைக்கு வாயு நிறச்சாரல் பிரிகையே நம்பத்தக்க வழியாக இருந்து வருகிறது. எளிய வசதியுள்ள இடங்களில் குரோமோட்ரோபிக் அமில நிறச்சோதனையும் பயன்படுகிறது.

சட்ட நிலையிலும் இவ்வேறுபாடு முக்கியமானது. கள்ளக்குறிச்சி நிகழ்வுக்குப் பின், 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 2024ஆம் ஆண்டிலேயே திருத்தப்பட்டு, உயிரிழப்பு நேரும் வழக்குகளில் ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்யப்பட்டது. தண்டனை கடுமையாகும் அளவுக்கு வேதியியல் சான்றின் மீதான சுமையும் கூடுகிறது. நிபுணர் கருத்தோடு அக்கருத்துக்கு அடிப்படையான காரணங்களும் ஆராயத்தக்கவை என்பது சாட்சியச் சட்ட மரபு. மென்பொருள் அவ்வாறு சொன்னது என்பது அத்தகைய காரணமாகாது.

6. வினை, இனம், சார்பு

பலபொருள் ஒருசொல்லுக்கான இலக்கண நெறியை நிறமாலை வாசிப்புக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

இனம் என்பது உடன்தோன்றும் முகடுகள். எஸ்டர் என எழுதுபவர் கார்போனைல் முகட்டோடு 1150 முதல் 1300 வரையிலான கார்பன்–ஆக்சிஜன் முகடுகளையும் காட்ட வேண்டும். முதனிலை அமீன் என எழுதுபவர் 3300 முதல் 3500 வரையிலான எல்லையில் இரட்டை முகட்டைக் காட்ட வேண்டும். அகச்சிவப்பு நிறமாலையின் பெருவலிமை இன்மையை நிறுவுவதில் உள்ளது. 1650 முதல் 1800 வரை வலிய முகடு இல்லையெனில் கார்போனைல் தொகுதி இல்லை எனத் துணியலாம். அட்டவணை மென்பொருள்கள் இருக்கும் முகடுகளை மட்டுமே விளக்குவதால், இவ்வின்மைச் சான்று ஆய்வேடுகளில் இடம்பெறுவதே அரிது.

சார்பு என்பது மாதிரியின் வரலாறு. கரைப்பான், உலர்த்திய முறை, வில்லையா அக எதிரொளிப்பா, பின்னணிப் பதிவு ஆகியவை இதில் அடங்கும். அக எதிரொளிப்பு முறையில் பதிந்த நிறமாலையில் முகடுகளின் ஒப்புச்செறிவு மாறுகிறது; வலிய முகடுகள் குறைந்த அலையெண் நோக்கிச் சற்று நகர்கின்றன. ஊடுருவல் முறையில் தொகுத்த நூலகத்தோடு அதனைத் திருத்தமின்றி ஒப்பிடுவது, இரு வேறு வட்டார வழக்குகளை ஒரே அகராதியால் வாசிப்பதற்கு ஒப்பாகும். பேர்ஸ் நிரல் மாதிரியின் நிலையையும் கணக்கில் கொண்டது, ஐ.பி.எம். மாதிரியம் வாய்பாட்டைக் கேட்கிறது. நல்ல மென்பொருள்கள் சார்பைக் கேட்பவை. கேட்காத மென்பொருளுக்கு அதனை வழங்க வேண்டியவர் ஆய்வாளர்.

வினை என்பது பொருள் வேறு சோதனைகளில் நடந்துகொள்ளும் முறை. கடுக்காய்ச் சாற்றில் பீனால் என்னும் விளக்கத்தைப் பெரிக் குளோரைடு நிறச்சோதனை தாங்க வேண்டும். அமீன் என்னும் விளக்கத்தை நைட்ரஜன் பகுப்பாய்வு தாங்க வேண்டும். மெத்தனால் என்னும் ஐயத்தை நிறச்சாரல் பிரிகை உறுதி செய்ய வேண்டும் அல்லது நீக்க வேண்டும்.

7. முடிவுரை

அகச்சிவப்பு நிறமாலை விளக்க மென்பொருள்கள் உழைப்பைக் குறைத்துள்ளன. மறந்துபோன வாய்ப்புகளை நினைவூட்டுகின்றன. தூய சேர்மங்களில் வல்லுநருக்கு நிகரான விடைகளையும் தரத் தொடங்கியுள்ளன. அவற்றின் விடையைக் கலவைகளுக்கு அப்படியே நீட்டும்போது குற்றம் நேர்கிறது. மூலிகைச் சாற்றுக்கு அட்டவணை வாசிப்பு தகுந்த முறையன்று. சாராயத்துக்குப் பொருத்தச் சுட்டெண் தகுந்த சான்றன்று.

ஆய்வேடுகளும் இதழ்களும் மூன்று நடைமுறைகளை வற்புறுத்தலாம். முகட்டு அட்டவணையோடு முழு நிறமாலையும் பின்னணிப் பதிவும் இணைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் குறைந்தது இரு முகடுகளோ ஒரு முகடும் ஒரு வேதிச்சோதனையோ சான்றாகத் தரப்பட வேண்டும். மென்பொருளின் பெயரோடு அது பயன்படுத்திய நூலகம், பொருத்தச் சுட்டெண், இரண்டாம் மூன்றாம் இடம் பெற்ற விடைகள் ஆகியவையும் பதிவாக வேண்டும். இவற்றுக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. கல்வராயன் மலை அடிவாரக் கல்லூரி ஒன்றின் முதுகலை மாணவர், கடுக்காய்ச் சாற்றின் 1030 முகட்டைக் கரைப்பான் எச்சமாக இருக்கலாம் என ஐயுற்று, சாற்றை மீண்டும் உலர்த்தி மீண்டும் பதிவு செய்யப் பழகினால், பிறிதொரு நாள் தடய அறிவியல் ஆய்வகத்தில் அதே இடத்தில் தோன்றும் ஒரு சிறு தோளை அவர் புறக்கணிக்கமாட்டார்.